முற்றுகையின் இரு பக்கங்கள்: லக்னௌ ரெசிடென்சியில் யாருக்கு நினைவிடம்?

லக்னௌ: கூரை இழந்த செங்கல் சுவர்கள், அவற்றில் பீரங்கிக் குண்டுகள் துளைத்த பள்ளங்கள், புல்வெளியில் நிழல் தேடி அமர்ந்திருக்கும் இளைஞர்கள். கோமதி ஆற்றங்கரையில் சுமார் 33 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் 'ரெசிடென்சி' வளாகத்துக்கு முதன்முறை வருபவர்களுக்கு அது பூங்காவாகவே தோன்றும். பெய்லி கார்டு வாயிலின் சிதைந்த வளைவைக் கடந்து சற்று நடந்த பிறகுதான், உள்ளே இருப்பது ஒரு போர்க்களம் என்பது புலப்படுகிறது.

அவத் நவாபின் அவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்தவருக்காகக் கட்டப்பட்டது இந்த மாளிகை. கட்டிக் கொடுத்தவர்கள் நவாபுகள். 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கிய பணி, 1800-ல் சாதத் அலி கான் காலத்தில் முடிந்தது. விருந்தினராக வந்தவர்களே 1856 பிப்ரவரியில், நிர்வாகம் சரியில்லை என்று காரணம் காட்டி நாட்டையே எடுத்துக்கொண்டனர். நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டே அதற்கான விலை கேட்கப்பட்டது.

1857 ஜூன் 30-ல் லக்னௌவுக்கு வெளியே சின்ஹட் என்ற இடத்தில் சர் ஹென்றி லாரன்ஸின் படை, கிளர்ச்சிப் படையிடம் தோற்றுத் திரும்பியது. அன்றே முற்றுகை தொடங்கியது. வளாகத்துக்குள் சுமார் 3,000 பேர் அடைபட்டனர். ஜூலை 2-ல் லாரன்ஸ் தமது அறையிலேயே பீரங்கிக் குண்டுக்கு இலக்காகி, இரண்டு நாள்களில் உயிரிழந்தார். 87 நாள்களுக்குப் பின், செப்டம்பர் 25-ல், ஹேவ்லக்கும் அவுட்ரமும் படையுடன் உள்ளே நுழைந்தனர். ஆனால், மீட்க வந்தவர்களும் வெளியேற வழியின்றி உள்ளேயே சிக்கிக்கொண்டனர். நவம்பரில் சர் காலின் கேம்ப்பெல் வந்த பிறகே அனைவரும் வெளியேற முடிந்தது. நகரம் 1858 மார்ச் மாதம்தான் மீண்டும் பிரிட்டிஷார் வசமானது.

நகரைக் கைப்பற்றிய பின் பிரிட்டிஷார் அகன்ற சாலைகளுக்காகக் கைசர்பாக் அரண்மனைத் தொகுதியின் பல பகுதிகளை இடித்துத் தள்ளினர். ரெசிடென்சியின் இடிபாடுகளையோ தொடாமல் விட்டு வைத்தனர். ஒரு சுவர்கூடச் செப்பனிடப்படவில்லை. சூரியன் மறையும்போது கொடியை இறக்குவது ராணுவ மரபு. ஆனால், இங்குள்ள கோபுரத்தில் பிரிட்டிஷ் கொடி இரவும் பகலும் பறந்தது. 1947 ஆகஸ்டில், சுதந்திரம் பிறப்பதற்கு முன்பே, அது இறக்கப்பட்டது. கொடிக் கம்பமும் அகற்றப்பட்டது. அந்த இடத்தில் வேறு கொடி ஏறுவதை அவர்கள் விரும்பவில்லை.

ஆக, இன்று இந்தியத் தொல்லியல் துறை கண்ணும் கருத்துமாகப் பாதுகாப்பது, வென்றவர்கள் தங்கள் வெற்றிக்குச் சான்றாக விட்டுச் சென்ற இடிபாடுகளை. இந்த முரணைச் சமாளிக்கும் முயற்சியாகவே வளாகத்தில் உள்ள 1857 நினைவு அருங்காட்சியகத்தைக் காண வேண்டும். முற்றுகைக் காலத்தில் பெண்களும் குழந்தைகளும் ஒதுங்கியிருந்த நிலவறைகள், வளாகத்தின் மாதிரி வடிவம், பழைய வரைபடங்கள், படங்கள், பீரங்கிகள் ஆகியவை அங்கு பார்வையாளரை ஈர்க்கின்றன. பிரிட்டிஷ் ஏடுகளில் 'கலகம்' என்றிருந்தது இங்கே விடுதலைப் போராகிவிட்டது. (1806 வேலூர்க் கிளர்ச்சியை அறிந்த தமிழர்கள், 1857-ஐ 'முதல்' சுதந்திரப் போர் என்று அழைப்பதைக் கேட்டால் சற்றுத் தயங்கக்கூடும்.) பெயர் மாறிய அளவுக்குக் காட்சி மாறவில்லை. குண்டடி பட்ட சுவர், குண்டு எய்தவரின் கதையைச் சொல்வதில்லை. உள்ளே இருந்தவரின் துயரையே சொல்கிறது.

கல்லறைத் தோட்டத்தில் இது இன்னும் தெளிவாகிறது. தன் கடமையைச் செய்ய முயன்றவர் என்ற அடக்கமான வாசகத்துடன் லாரன்ஸின் கல்லறை இருக்கிறது. அதே மண்ணில் புதைக்கப்பட்டவர் ஜேம்ஸ் நீல். சென்னை ஐரோப்பியப் படைப் பிரிவான மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸின் தளபதி. அலாகாபாதிலும் கான்பூரிலும் கூட்டம் கூட்டமாகத் தூக்கிலிட்டவர். தூக்குக்கு முன் கைதிகளைக் கொண்டு ரத்தக் கறையைச் சுத்தம் செய்ய வைத்தவர். 1857 செப்டம்பர் 25-ல் லக்னௌ தெருச் சண்டையில் சுடப்பட்டு இறந்தார். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற சிலை இவருடையதுதான். அதை அகற்றக் கோரி 1927-ல் நடைபெற்ற சத்தியாகிரகத்தில் தமிழ்த் தொண்டர்கள் சிறை சென்றனர். 1937-ல் ராஜாஜி அமைச்சரவை பொறுப்பேற்ற பிறகு சிலை சாலையிலிருந்து அகற்றப்பட்டு எழும்பூர் அருங்காட்சியகம் சேர்ந்தது. சிலைக்கு எதிராக அத்தனை போராட்டம் நடந்திருக்க, அவரது கல்லறை இங்கு எவராலும் சீண்டப்படாமல் அமைதியாகக் கிடக்கிறது. அதுவும் சரிதான், கல்லறையோடு யாருக்கும் சண்டையில்லை.

ஆனால், உள்ளே இருந்தவர்களைப் பற்றிய வேறொரு உண்மை, இரு தரப்பு வரலாற்றுக்கும் அவ்வளவாகப் பொருந்துவதில்லை. வளாகத்தைக் காத்து நின்றவர்களில் சுமார் 700 பேர் இந்தியச் சிப்பாய்கள். வேலையாள்களையும் சேர்த்தால் அடைபட்டவர்களில் பெரும் பங்கினர் இந்தியர்களே. கம்பெனிக்கு விசுவாசமாக நின்ற சிப்பாய்களின் நினைவாக ஆங்கிலேயர் எழுப்பிய தூண் பெய்லி கார்டு அருகே இருக்கிறது. சமைத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், பிணங்களை அப்புறப்படுத்தியவர்கள் ஆகியோரின் பெயர்களைத் தாங்கிய கல் எதுவும் இல்லை. தேசியவாதம் இவர்களைத் துரோகிகள் என்று ஒதுக்கிவிடலாம். பஞ்சத்துக்கும் பயத்துக்கும் நடுவே, சம்பளம் தந்தவனுடன் இருந்துவிட்ட எளிய மனிதர்களை அப்படி எளிதில் ஒதுக்கிவிட முடியுமா என்பது வேறு கேள்வி.

முற்றுகையிட்டவர்களுக்கு என்ன இருக்கிறது? நூற்றாண்டை ஒட்டி 1957-ல், ரெசிடென்சிக்கு எதிரே கோமதிக் கரையில் எழுப்பப்பட்ட தியாகிகள் நினைவுச் சின்னம் இருக்கிறது. தம் மகன் பிர்ஜிஸ் கத்ரை 1857 ஜூலையில் அரியணையில் அமர்த்தி ஆட்சியை நடத்திய பேகம் ஹஸ்ரத் மஹலின் பெயரில் பூங்கா இருக்கிறது. முன்பு விக்டோரியா பூங்காவாக இருந்து 1962-ல் பெயர் மாறியது அது. மன்னிப்பையும் ஓய்வூதியத்தையும் ஏற்க மறுத்த பேகம், 1879-ல் காத்மாண்டில் காலமானார். அவரது கல்லறையைக் காண நேபாளத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

ரெசிடென்சியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிக்கந்தர் பாகில் 1857 நவம்பர் 16-ல் ஒரே நாளில் சுமார் 2,000 சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு அங்கு சென்ற புகைப்படக்காரர் ஃபெலிஸ் பியாட்டோவின் கேமராவுக்கு, சிதறிய எலும்புகளே காட்சியாயின. அரச மரத்தில் ஏறி மறைந்து சுட்டுக்கொண்டிருந்த ஒருவரை வீழ்த்திய பின்பே அவர் பெண் என்று தெரிய வந்ததாக ஆங்கிலேயர் குறிப்புகள் கூறுகின்றன. அவரே பாசி சமூகத்தைச் சேர்ந்த ஊதா தேவி என்பது மக்கள் நினைவு. இன்று அங்கே அவர் சிலையாக நிற்கிறார். உத்தரப் பிரதேசத்தின் தலித் அரசியல் எழுச்சியில், ஜல்காரி பாயுடன் ஊதா தேவியும் சுவரொட்டிகளிலும் மேடைகளிலும் இடம்பெற்றதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அரசு ஏடுகள் விட்டதை ஒரு சமூகம் தானாகவே எழுதிக்கொண்டது.

இந்த நினைவுகள் எவ்வளவு கூர்மையானவை என்பது 150-ம் ஆண்டான 2007-ல் தெரிந்தது. போரில் இறந்தோரின் இடங்களைக் காண அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் பயணிகள் குழு ஒன்று வந்தது. ஹேவ்லக்கின் வழித்தோன்றல் ஒருவரும் அதில் இருந்தார். மீரட்டிலும் லக்னௌவிலும் கடும் எதிர்ப்பு கிளம்ப, அக்குழுவினர் பயணத்தைச் சுருக்கிக்கொள்ள நேர்ந்தது. மூதாதையின் கல்லறையில் மலர் வைப்பது அஞ்சலியா, வெற்றிவிழாவா என்று அப்போது ஏடுகளில் விவாதம் நடந்தது.

ரெசிடென்சிக்கு வருவோரில் பலர் இத்தகைய விவாதங்களை அறியாமலே பெய்லி கார்டின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். தொல்லியல் துறையின் பராமரிப்பில் ரெசிடென்சிக்கு அருங்காட்சியகமும் கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன. சிக்கந்தர் பாகில் எஞ்சியிருப்பது ஒரு வாயிலும் சில சுவர்களும். அதையொட்டித் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டம். அங்கு இறந்த 2,000 பேரில் ஒருவருக்கேனும் கல்லறை இல்லை.