கண் கீழே இறங்காதபோது: நடுமூளையின் நட்டக் கணக்கு

விழித்திருக்கும் நேரத்தில் நம் கண்கள் நொடிக்கு ஏறத்தாழ 3 முறை இடம்விட்டு இடம் தாவுகின்றன. 16 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1,70,000 தாவல்கள். 10 டிகிரி தாவ ஆகும் நேரம் ஏறத்தாழ 45 மில்லிநொடி. உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 300 டிகிரி.

ஆள்பலம்

மூளையில் மொத்தம் 8,600 கோடி நரம்புச் செல்கள். ஆனால் தாவலை முடுக்கிவிடுபவை மூளைத்தண்டில் இருக்கும் இரண்டு சிறு கூட்டங்கள்தாம். மேல்-கீழ் தாவலை நடுமூளையிலுள்ள கூட்டமும், இட-வலத் தாவலை அதற்குக் கீழே பான்ஸ் பகுதியிலுள்ள கூட்டமும் கவனிக்கின்றன. தாவும் கணத்தில் இவற்றில் ஒரு செல் நொடிக்கு 1,000 துடிப்புகள் வரை அனுப்பும்.

இழப்பு

1964இல் டொரான்டோ மருத்துவர்கள் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஸெவ்ஸ்கி மூவரும் 9 நோயாளிகளைக் கொண்டு விவரித்த நோய் பி.எஸ்.பி. (புரோக்ரெஸிவ் சுப்ராநியூக்ளியர் பால்ஸி). லட்சம் பேரில் 5 முதல் 7 பேருக்கு இருக்கிறது. பெரும்பாலும் 60 வயதுக்கு மேல் வரும். டௌ என்ற புரதம், மேல்-கீழ் தாவலைக் கவனிக்கும் அந்த நடுமூளைக் கூட்டம் உட்படப் பல செல்களுக்குள் திரண்டு அவற்றைக் கொல்கிறது. 2005இல் வெளியான எம்.ஆர்.ஐ. ஆய்வொன்றில், நடுமூளையின் குறுக்குப் பரப்பு நோயற்றவர்களிடம் சராசரியாக 118 சதுர மி.மீ.; பார்க்கின்சன் நோயாளிகளிடம் 103; பி.எஸ்.பி. நோயாளிகளிடம் 56. பாதிக்கும் கீழே.

கண்ணில் தெரிவது

மருத்துவர் ஒரு விரலை மேலேயும் இன்னொன்றைக் கீழேயும் நீட்டி, மாறிமாறிப் பார்க்கச் சொல்கிறார். தாவ வேண்டிய விழி ஊர்ந்து இறங்குகிறது. சில சமயம் நேராக வராமல் பக்கவாட்டில் வளைந்து வருகிறது. நோய் முற்றியபின் கீழே போகவே மறுக்கிறது. அப்போதும், ஒரு புள்ளியைப் பார்த்தபடி இருக்கச் சொல்லி நோயாளியின் தலையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் விழி தாராளமாக நகர்கிறது. தசையில் பழுதில்லை, கட்டளை இடும் செல்கள்தாம் போய்விட்டன.

எந்தச் செல் போனதோ அந்தத் திசை படுக்கும். மும்பையில் வாடியாவும் சுவாமியும் 1971இல் 9 குடும்பங்களில் பதிவுசெய்த பரம்பரைத் தள்ளாட்ட நோயில், பி.எஸ்.பி.க்கு மாறாக, இட-வலத் தாவல்தான் முதலில் மந்தமாகிறது. பார்க்கின்சனிலோ வேகம் பெரும்பாலும் குறைவதில்லை. தாவலின் நீளம்தான் குறைகிறது.

காலச் செலவு

பி.எஸ்.பி. தொடங்கியபின் சராசரி ஆயுள் சுமார் 7 ஆண்டுகள். அதில் 3 முதல் 4 ஆண்டுகள் நோயின் பெயர் தெரியாமலேயே போய்விடுகின்றன. பார்க்கின்சன் என்று நினைத்து மாத்திரையைக் கூட்டுவார்கள். இந்த நோய்க்கு அது பெரிதாகக் கேட்காது. இதற்கிடையே படி தெரியாமல் தடுமாறுவார்கள், பின்பக்கமாக விழுவார்கள், தட்டில் இருக்கும் சோறு கண்ணில் படாது, குழம்பு சட்டையில் சிந்தும், தண்ணீர் புரையேறும்.

எம்.ஆர்.ஐ.க்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். விரல் சோதனைக்கு ஒரு ரூபாயும் இல்லை, ஒரு நிமிடம்கூட ஆகாது. முதுமையில் மேல்நோக்குப் பார்வை இயல்பாகவே குறையும் என்பதால், கவனிக்க வேண்டியது கீழ்நோக்கிய தாவலின் வேகம்.

நோயை நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் பெயர் தெரிந்தால் பைஃபோகல் கண்ணாடியை மாற்றலாம், தட்டைக் கண்மட்டத்துக்கு உயர்த்தலாம், விழுங்கும் பயிற்சியை முன்கூட்டியே தொடங்கலாம். வீட்டில் பெரியவர் காரணமில்லாமல் அடிக்கடி விழுகிறார் என்றால், நரம்பியல் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: “கண் மேலும் கீழும் சரியாகத் தாவுகிறதா, பார்த்தீர்களா டாக்டர்?”