முழு மனதுடன்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு குடும்ப நீதிமன்ற வராந்தாவில் எங்கள் தெரு அக்கா ஒருவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். பரஸ்பர சம்மத விவாகரத்து. குமாஸ்தா ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த சமரச ஒப்பந்தத்தை நீட்டி, 'எல்லாம் பேசினதுதாம்மா, பக்கத்துக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க' என்றார். அக்கா அதை என்னிடம் தந்தார். 'படிச்சுச் சொல்லுப்பா.' 'முழு மனதுடன், எவ்வித நிர்ப்பந்தமும் இன்றி...' என்று தமிழில் சொல்லத் தொடங்கினேன். 'அப்படியா போட்ருக்கு?' என்று சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

இந்து சட்டம் திருமணத்தைச் சடங்காகவே பார்த்து வந்தது. சுயமரியாதை இயக்கம் அதை ஒப்பந்தம் என்றது. 1967ல் தமிழக அரசு அத்திருமணத்துக்குச் சட்ட ஏற்புத் தந்தது. ஆனால் ஒப்பந்தம் என்ற சொல்தான் வந்ததே தவிர ஷரத்துகள் வரவில்லை. வீடு யாருக்கு, உழைப்புக்கு என்ன கணக்கு என்று எவரும் எழுதிக்கொள்வதில்லை. ஆக, ஷரத்துகளோடு கூடிய ஒப்பந்தத்தில் ஒரு பெண் சம தரப்பாகக் கையெழுத்திடுவது பெரும்பாலும் தாம்பத்யம் முறியும்போதுதான். சமமின்மையில் இருபது வருடம் வாழ்ந்தவர் ஒரு காகிதத்தில் திடீரென்று சமமாகிவிடுகிறார்.

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு 1976ல் சேர்க்கப்பட்டது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்த இருவர் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். தீர்ப்பாகும் வரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவேதான் பணத்தை முதல் மனுவின்போது ஒரு பகுதி, இறுதியில் மீதி என்று பிரிக்கிறார்கள். தகுந்த வழக்குகளில் ஆறு மாதக் காத்திருப்பை விலக்கலாம் என்று 2017ல் தீர்ப்பு வந்தது. சீக்கிரம் முடிவது நல்லதுதான். ஆனால் யோசிக்கவும் பேரம் பேசவும் அவளுக்கு இருக்கும் காலமும் அதுவே.

அடுத்த ஷரத்து, வழக்குகளை வாபஸ் வாங்குவது. கொடுமைக் குற்றமான பழைய 498ஏ (2024 ஜூலையிலிருந்து நியாய சன்ஹிதாவின் 85) நீதிமன்ற அனுமதியோடுகூட இங்கே சமரசத்துக்கு உரியதல்ல. என்றாலும் சமரசம் ஆகிவிட்டால் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம் என்பது 2003 முதல் வழி. இங்கே என்ன நடக்கிறது? அடி வாங்கியதைச் சொன்ன வாய்மொழி, பேரத்தில் ஒரு தொகையாக மாறுகிறது. வன்முறை பிரதியிலிருந்து அழிக்கப்பட்டு, அந்த இடத்தில் 'கருத்து வேறுபாடு' என்ற சொல் உட்காருகிறது.

இதனால் சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாய்தா வாய்தாவாக அலைந்தவருக்கு அது பெரிய விடுதலை. 'கோர்ட்டுப் படி ஏறி ஏறிக் கால் தேஞ்சுபோச்சு' என்கிறவரிடம் போய், போராடு என்று சொல்ல நாம் யார்? நம் வேலை, அந்தக் காகிதத்தை அவரோடு சேர்ந்து வாசிப்பது.

வாசித்தால் தெரியும் சில விஷயங்கள். 2020 தீர்ப்புக்குப் பின் ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம் பற்றிப் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். அதைப் பார்க்காமல் தொகை பேசுவது இருட்டில் பேரம் பேசுவதாகும். பிரிந்து வாழ்ந்த ஒரு மனைவி 8,000 ரூபாயை ஒரே தவணையில் வாங்கிக்கொண்டு இனி கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த வழக்கில், அது பிற்பாடு அவர் ஜீவனாம்சம் கோருவதைத் தடுக்காது என்று 2013ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதற்காக அந்த வரி எப்போதும் வெற்று வரி என்று நம்பிவிடக் கூடாது. விவாகரத்துக்குப் பின் தானாக உரிமையை விட்டுக்கொடுத்தவரின் ஜீவனாம்ச உத்தரவை ரத்து செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. தன் உரிமையைத் தாய் விட்டுத் தரலாம், குழந்தையின் உரிமையை விட்டுத் தர முடியாது என்பது 2019 தீர்ப்பு.

நாலாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. மகளுக்கும் சேர்த்து இனி எதுவும் கோரமாட்டேன் என்று. படித்துச் சொன்னேன். அக்கா பேனாவைக் கீழே வைத்தார். 'எனக்கு வேணாம்னு சொன்னேன். பிள்ளைக்கு வேணாம்னு எப்பச் சொன்னேன்?'

குமாஸ்தா சலித்துக்கொண்டார். அந்த வரி போக மூன்று வாரமாயிற்று. அவர் கணவரின் தரப்பு முறுக்கிக்கொண்டது, பிறகு இறங்கி வந்தது. 'முழு மனதுடன்' மட்டும் அப்படியே இருந்தது. அது இல்லாமல் எந்த நீதிமன்றமும் மனுவை ஏற்காது. அக்கா இந்த முறை சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.