கூடாமல் இருப்பதே முதல் மருந்து

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் உறவே நடக்கவில்லை. "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று இரு வீட்டிலும் நச்சரித்ததில் குழந்தையின்மை சிகிச்சைக்கே போய்விடுகிறார்கள். அங்கே மருத்துவர் துருவித் துருவிக் கேட்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. இப்படிப்பட்ட தம்பதி பாலியல் சிகிச்சை நிபுணர் முன் வந்து உட்கார்ந்தால், பெரும்பாலும் அவர் முதலில் போடுவது ஒரு தடை உத்தரவு: "இன்னும் சில வாரங்களுக்கு உறவுக்கு முயற்சியே செய்யாதீர்கள்."

சிகிச்சைக்கு வந்தவர்களிடம் இது என்ன விளையாட்டு என்று தோன்றும். ஆனால் உடலின் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. கையைத் தூக்கு என்றால் கை தூக்கும். விறைப்புக்கு அப்படி ஆணையிட முடியாது. பாராசிம்பதெடிக் என்ற தன்னியக்க நரம்புகள் இயங்கி, நைட்ரிக் ஆக்சைடு சுரந்து, ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்தால்தான் உறுப்பில் ரத்தம் நிறையும். அச்சம் வந்தால் எதிர்ப்பக்கத்து நரம்புகள் விழித்துக்கொள்கின்றன. அட்ரினலின் அந்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. 'இன்றைக்காவது நடக்குமா' என்ற நினைப்பே நடக்கவிடாமல் செய்துவிடுகிறது. தூங்கியே தீருவேன் என்று கண்ணை இறுக்கி மூடியவனுக்குத் தூக்கம் வராத கதைதான். ஒரு முறை தவறினால் மறுமுறை பயம் இரட்டிப்பாகும். உறவே கூடாது என்று சொல்லிவிட்டால், தோற்பதற்கு அங்கே பரீட்சையே இல்லை.

இந்தத் தடையைச் சிகிச்சையின் நடுநாயகமாக வைத்தவர்கள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் இருவரும். மாஸ்டர்ஸ் மகப்பேறு மருத்துவர்; ஜான்சனிடம் பட்டம்கூடக் கிடையாது. 1957இல் சேர்ந்து ஆய்வைத் தொடங்கினார்கள். 1970இல் அவர்கள் வெளியிட்ட நூல் சிகிச்சை முறையை விவரித்தது. கணவன், மனைவி இருவரும் சேர்ந்து வர வேண்டும். இரண்டு வாரம் அந்த ஊரில் தங்க வேண்டும். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரண்டு ஆலோசகர்கள் பேசுவார்கள். பிறகு அறைக்குப் போய்ச் செய்ய வீட்டுப்பாடம் தருவார்கள். முதலில் மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டு மற்ற இடங்களில் தொடுவது. மாறி மாறி, அவசரமில்லாமல், தொடுகை எப்படி இருக்கிறது என்று கவனிப்பது. பிந்தைய நாட்களில் படிப்படியாக எல்லை விரியும். நம் ஊரில் இன்று வாரம் ஒரு சந்திப்பாக நடப்பதற்கும் மூலம் இதுதான்.

பெண்கள் தரப்பில் இந்த முறை நன்றாகக் கைகொடுக்கும் பிரச்சினை வெஜைனிஸ்மஸ். எதையும் உள்ளே நுழைக்க முயலும்போது யோனியைச் சூழ்ந்த இடுப்புத்தளத் தசைகள் தாமாக இறுகிக்கொள்ளும். வலிக்கும், எரியும், சிலருக்கு மருத்துவரின் பரிசோதனையைக்கூடத் தாங்க முடியாது. குடும்பத்தில் இதற்குக் கிடைக்கும் விளக்கம் வேறு: "அவளுக்கு இஷ்டமில்லை", "மனசில் வேறு யாரோ இருக்கிறான்". அவளுக்கோ கணவன் மேல் கொள்ளை ஆசையாகக்கூட இருக்கலாம். தூசு வந்தால் இமை மூடிக்கொள்வதை யாரும் பிடிவாதம் என்பதில்லை. இதுவும் அந்த வகை அனிச்சைதான். சிகிச்சை அவள் கையில் தொடங்குகிறது. தன் உடலைக் கண்ணாடியில் பார்ப்பது, தசையை இறுக்கித் தளர்த்திப் பழகுவது, பிறகு தன் விரல் நுனி, பிறகு சிறியதிலிருந்து பெரியதாக அளவு கூடும் டைலேட்டர் என்னும் விரிப்புக் கருவிகள். அடுத்த படிக்கு எப்போது போவது என்பதை அவள்தான் முடிவு செய்வாள். கணவன் சேர்ந்துகொள்வது கடைசிக் கட்டத்தில். பொறுமையாகச் செய்தவர்களில் பலருக்குக் குணமாகிவிடுகிறது. இதற்குப் போய் அறுவை சிகிச்சை வரை ஓடியவர்களை நினைத்தால்தான் வருத்தம்.

எல்லாவற்றையும் மனசு என்று தள்ளிவிடவும் கூடாது. நல்ல நிபுணர் பேச்சைத் தொடங்கும் முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹார்மோன் அளவு, மனச்சோர்வுக்குச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் விசாரிப்பார். ஆணுறுப்பின் தமனி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான்; இதயத் தமனி மூன்று நான்கு மில்லிமீட்டர். கொழுப்பு படிந்தால் சிறியது முதலில் அடைபடும். ஐம்பது வயதுக்காரரின் விறைப்புக் குறைவு, மாரடைப்புக்குச் சில வருடம் முன்னதாக வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். 1998இல் விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு, இதைக் கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டு பரிசோதனையைத் தட்டிக்கழிப்பவர்கள் பெருகியதுதான் கவலை.

நம்மூர் இளைஞர்களின் கவலை இன்னொரு வகை. கைப்பழக்கத்தால் 'நரம்புத் தளர்ச்சி' வந்துவிட்டது, தூக்கத்தில் விந்து போய் உடம்பு உருகுகிறது என்ற பயம். மனநல மருத்துவர் என். என். விக் 1960இல் இதற்கு 'தாது நோய்க்குறி' என்று பெயரிட்டார். இழப்பில் கேடு எதுவும் இல்லை, பயத்தில்தான் கேடு. இந்தப் பயத்தை விதைத்து அறுவடை செய்யும் லாட்ஜ் வைத்தியர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாலியல் வீரியத்தைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. சுவர்களைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பது தெரியாது. இவர்களுக்கு எதிரான குரலாக, விஜய் டிவியின் 'புதிரா புனிதமா'வில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் பேசியதைப் பலர் கதவைச் சாத்திக்கொண்டாவது கேட்டார்கள்.

இந்தத் துறைக்கும் கறைகள் உண்டு. மாஸ்டர்ஸும் ஜான்சனும் சொன்ன வெற்றிக் கணக்கில் 'தோல்வி' என்பதற்கான வரையறையே தெளிவாக இல்லை என்று 1980இல் சில்பர்கெல்ட், எவான்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். அதற்கு முந்தைய வருடம் அந்த ஜோடி, தன்பால் ஈர்ப்பையும் மாற்ற முடியும் என்று நூல் எழுதியிருந்தது. அது நோயே அல்ல, மாற்றுவதற்கும் ஒன்றுமில்லை. அப்படிச் 'சரிசெய்ய' முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடைசெய்தது. வீட்டில் அடிஉதை இருந்தாலும் இந்தச் சிகிச்சை பொருந்தாது. அங்கே முதலில் தேவைப்படுவது பாதுகாப்பு.

துணை வர மறுத்தால் தனியாகவும் வரலாம். மார்பகத்தை இழந்தவர், பிள்ளை பெற்றபின் நாட்டம் போனவர், அறுபதைத் தாண்டியவர் என்று யாரும் வரலாம். மாரடைப்புக்குப் பிறகு பயந்து தனிக்கட்டிலில் படுப்பவர்களிடம் மருத்துவர்கள் மாடிப்படியைப் பற்றிக் கேட்பார்கள்: நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிந்தால், பெரும்பாலோருக்கு உறவும் பாதுகாப்பானதே.

இந்தியாவில் பாலியல் சிகிச்சைக்கென்று தனி உரிமம் கிடையாது. பெயர்ப்பலகையை யாரும் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே உள்ளே இருப்பவர் பதிவு பெற்ற மனநல மருத்துவரா, சிறுநீரக அறுவை மருத்துவரா, மகப்பேறு மருத்துவரா, மருத்துவ உளவியலாளரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். சிகிச்சை என்பது முழுக்கப் பேச்சும் வீட்டுப்பாடமும்தான். உடல் பரிசோதனை தேவைப்பட்டால் மருத்துவர், காரணம் சொல்லி, சம்மதம் கேட்டு, துணைக்கு ஒரு செவிலியரை வைத்துக்கொண்டு செய்வார். தொட்டுக் கற்றுத்தருகிறேன் என்று ஆலோசகர் யாராவது சொன்னால், ஃபீஸைப் பற்றிக் கவலைப்படாமல் எழுந்து வந்துவிடலாம்.