பட்டியலை நீக்கினால் கதவு மூடுமா, திறக்குமா?

ஒரே கணிப்பொறியைப் பலர் பயன்படுத்துகின்றனர். அதிலுள்ள ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம்? 1969-இல் தோன்றிய யூனிக்ஸ் குடும்பத்தில் இதற்கு நிலைபெற்ற முறை மிக எளியது. உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என மூன்று வகுப்பினர். ஒவ்வொரு வகுப்புக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று அனுமதிகள். ஆக, ஒன்பது பிட்டுகளில் எல்லாம் அடங்கிவிடுகின்றன.

ஆனால் குழுவில் இல்லாத மாலதி என்ற ஒருவருக்கு மட்டும் அனுமதி தர வேண்டுமானால்? ஒன்பது பிட்டுகளில் அதற்கு இடமில்லை. பெயர் குறித்து அனுமதி எழுதும் தனிப் பட்டியல் தேவைப்படுகிறது. இதுவே அணுகு உரிமைப் பட்டியல், சுருக்கமாக ஏ.சி.எல். 1998-இல் கைவிடப்பட்ட போசிக்ஸ் தர வரைவு ஒன்றைத் தழுவியே லினக்ஸ் இதை அமைத்துக்கொண்டது.

தேவை முடிந்ததும் இப்பட்டியலை ஒரு சி மொழி நிரலால் நீக்க எண்ணுகிறோம் என்று கொள்வோம். சுலபமான வேலைதானே என்று தோன்றும். சற்றே பொறுங்கள்!

மறைப்பு என்னும் வரம்பு

நம் கோப்பின் பட்டியல் இது: உரிமையாளருக்குப் படிக்க, எழுத அனுமதி, குழுவினருக்கு எதுவும் இல்லை, மாலதிக்குப் படிக்க, எழுத அனுமதி, ஏனையோருக்கு எதுவும் இல்லை. இவற்றோடு 'மறைப்பு' என்றொரு பதிவும் உண்டு. பெயர் குறித்தவர்களும் குழுவினரும் பெறக்கூடிய உச்ச அளவு அனுமதி இது. இங்கு அது படிக்க, எழுத என்றிருக்கிறது.

பட்டியல் உள்ள கோப்பில், குழுவுக்குரிய மூன்று பிட்டுகளின் இடத்தில் தெரிவது குழுவின் அனுமதி அன்று, இந்த மறைப்புதான்! இதை அறியாமல் அந்த ஒன்பது பிட்டுகளைப் படித்து, அவற்றிலிருந்து புதிய பட்டியல் செய்து கோப்பில் எழுதினால் என்ன ஆகும்? எந்த அனுமதியும் இல்லாதிருந்த குழு முழுவதும் கோப்பைத் திருத்தும் உரிமை பெற்றுவிடும். ஒருவரை வெளியேற்றப் போய், ஊரையே உள்ளே விட்ட கதைதான்.

அனுமதிகளை மாற்றும் 'சிஎச்மாட்' கட்டளையும் இங்கே உதவாது. குழுவின் பிட்டுகளை அது சுழியாக்கினால் மறைப்புதான் சுழியாகும். மாலதியின் பதிவு உறங்கிக் கிடக்கும். பின்னொரு நாள் அதே பிட்டுகளை யாரேனும் திறந்தால் அதுவும் விழித்துக்கொள்ளும்.

சரியான வழி

முதலில் 'ஏசிஎல்_கெட்_ஃபைல்' என்னும் சார்பால் பட்டியலின் நகலை நினைவகத்துக்குக் கொண்டுவர வேண்டும். குழுவின் அனுமதி, மறைப்பு ஆகிய இரண்டிலும் உள்ளதை மட்டும் குழுவுக்கு வைக்க வேண்டும். பிறகு, பெயர் குறித்த பதிவுகளையும் மறைப்பையும் 'ஏசிஎல்_டெலீட்_என்ட்ரி' கொண்டு நீக்க வேண்டும். இதுவரை கோப்பில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றே பதிவுகள் எஞ்சிய நகலை 'ஏசிஎல்_செட்_ஃபைல்' கோப்பில் எழுதிய பின்பே பழைய பட்டியல் மறைகிறது. அச்சார்பு சுழியைத் திருப்பித் தந்ததா என்று பார்ப்பது அவசியம். தராவிட்டால் நீக்கம் நடைபெறவில்லை. இறுதியில் நகல் பிடித்த இடத்தை 'ஏசிஎல்_ஃப்ரீ' விடுவிக்கும்.

'ஏசிஎல்_டெலீட்_டெஃப்_ஃபைல்' என்றொரு சார்பும் உண்டு. பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள்! ஓர் அடைவில் இனிப் பிறக்கும் கோப்புகளுக்கான முன்னிருப்புப் பட்டியலை மட்டுமே அது நீக்கும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஏனையோர் அனைவரும் படிக்கலாம், ஒருவர் மட்டும் கூடாது என்றும் பட்டியலில் எழுதலாம். அப்பட்டியலை நீக்கினால், தடுக்கப்பட்ட அவரும் ஏனையோரில் ஒருவராகி உள்ளே வந்துவிடுவார்.

ஆகவே பட்டியலை நீக்குவது பாதுகாப்பைக் கூட்டவும் செய்யலாம், குறைக்கவும் செய்யலாம். நீக்குமுன் பட்டியலைப் படியுங்கள். நீக்கிய பின் யார் யார் எஞ்சுவார்கள் என்பதைத் தாளில் எழுதிப் பாருங்கள். நிரல் எழுதுவது அதற்கு அடுத்த வேலை.