புது ஷாப்டும் பழைய புல்லியும்

மாட்டு வண்டியின் சக்கரம் அச்சின்மேல் தன்னிச்சையாகச் சுழல வேண்டும். அது வெளியே நழுவிவிடாமல் காத்து நிற்பது மட்டுமே கடையாணியின் காரியம். லேத் யந்திரத்துப் புல்லியின் நிலைமையோ வேறு. அது ஷாப்டின்மேல் இப்படி அப்படி நகராதிருப்பதோடு, நூலிழை அளவும் தனித்துத் திரும்பாமல், ஷாப்டோடு ஷாப்டாய்ச் சுழன்றாக வேண்டும். இந்த இரண்டு கடமைகளையும், புல்லியின் வழியே முறுக்கி ஷாப்டை அழுத்தும் ஒரே கிரப் ஸ்குரூவின் தலையில் சுமத்திவிடுவதுதான் வீட்டில் சிறு பட்டறை வைத்திருப்போர் பலரும் செய்யும் பிழை. நானும் அதைச் செய்தேன்.

மோட்டாருக்கும் லேத்தின் தலைப்பகுதிக்கும் நடுவே நின்று வேகத்தைக் குறைத்துக் கொடுப்பது கவுண்டர் ஷாப்ட். வருஷக்கணக்கில் உழைத்த என் லேத்தில் அது புஷ்ஷில் ஓடும் இடத்தில் தேய்ந்து, கையால் அசைத்தாலே ஆட்டம் கொடுத்தது. புது ஷாப்டைக் கடைய வேண்டியதும் அந்த லேத்தேதான். ஆகவே பழையதைக் கழற்றி அளவெடுத்துக்கொண்டு, மறுபடி மாட்டி ஓட்டி, புதியதைக் கடைந்து முடித்த பிறகே நிரந்தரமாகப் பிரித்தேன். அளவெடுக்கும் இடத்தில் கவனம் வேண்டும். தேய்ந்த பாகத்தில் மைக்ரோமீட்டரை வைத்தால் அது காட்டுவது தேய்மானத்தின் அளவே. புல்லி அமர்ந்திருந்த, தேயாத பாகம்தான் உண்மையான 20 மி.மீ.யைச் சொல்லும். புல்லியின் துளையையும் தனியே அளந்துகொண்டு, கடைசி நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை எமரித்தாளால் தேய்த்துத் தேய்த்து, எண்ணெய் பூசிய புல்லி கையின் அழுத்தத்துக்கு மெல்ல இணங்கி உள்ளே போகும்படியும், போன பின் சிறிதும் ஆடாதபடியும் செய்வதில் ஒரு மாலைப்பொழுது கழிந்தாலும் அது வீணன்று. அங்கே ஆட்டம் இருந்தால் பின்னர் எந்த ஆணியாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

புல்லியின் பிடிப்பு எவ்வளவு பலத்தைத் தாங்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் என் பிழையின் அளவு எனக்குப் புரிந்தது. அரைக் குதிரைச் சக்தி மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்று சுற்றுகிறது. கவுண்டர் ஷாப்டில் அது 360 ஆகக் குறையும்போது, 20 மி.மீ. ஷாப்டின் மேற்பரப்பில் சுமார் 100 கிலோ எடைக்கு நிகரான விசை புல்லியை வழுக்கித் திருப்பப் பார்க்கிறது. நான் முதலில் வழவழப்பான ஷாப்டின்மேல் ஒரே ஸ்குரூவை முறுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன். சற்று ஆழமாக வெட்டிய அன்று, ஸ்குரூவின் முனை ஷாப்டைச் சுற்றி உழவுசால்போல் ஒரு வளையம் கீறிவிட்டது. அதன் ஓரத்தில் எழுந்த பிசிறு துளைக்குள் மாட்டிக்கொண்டதால் புல்லி கழல மறுத்தது; பொறுமையிழந்து நான் சுத்தியலை எடுக்க, அலுமினியப் புல்லியின் விளிம்பு தெறித்தது.

ஸ்குரூ உட்காரும் இடத்தில் ஷாப்டை அரத்தால் தட்டையாக்கியிருந்தால், பிசிறு எழுந்தாலும் அது அந்தப் பள்ளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். இரண்டு ஸ்குரூக்கள் போடுவதானால் எதிரெதிராக அல்ல, 90 டிகிரி கோணத்தில் போட வேண்டும். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து ஷாப்டைத் துளையின் மறுபக்கச் சுவரில் அழுத்தி, மூன்று இடங்களில் பிடிக்கும்.

ஆனால் சுமை தாங்க உரியது, ஷாப்டிலும் புல்லியிலும் பாதி பாதியாகப் புதைந்து இரண்டையும் பிணைக்கும் கீ என்ற துண்டு. 20 மி.மீ. ஷாப்டுக்கு 6 மி.மீ. சதுரக் கீ, அதில் 3.5 மி.மீ. ஷாப்டுக்குள் புதையும், எஞ்சியது புல்லியின் குடத்தில் அமரும். விசையைத் தாங்குவன அதன் பக்கங்களே. ஆகையால் பக்கங்கள் இறுக்கமாகவும், மேலே மட்டும் சிறு இடைவெளியோடும் இருக்க வேண்டும்.

கீ அமரும் பள்ளமான கீவேயை வெட்ட மில்லிங் யந்திரம் இல்லாதவர்க்கும், ஷாப்டின் முனையில் அமரும் புல்லியாயின், ஓர் அழகான உபாயம் உண்டு. புல்லியை ஷாப்டின் முனைக்குச் சமமாக ஏற்றி, இரண்டும் கூடும் வட்டக்கோட்டின்மேல், ஷாப்டின் திசையிலேயே துளையிட்டு, பாதி ஷாப்டிலும் பாதி குடத்திலுமாக ஒரு வட்ட ஊசியை அடித்துவிடுவது. இதில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. ட்ரில் எப்போதும் மிருதுவான உலோகத்தின் பக்கமே சாயப் பார்க்கும். அலுமினியப் புல்லியில் அது வேகமாக வெளிப்பக்கம் ஓடிவிடும். ஆதலால் புள்ளி குத்தும்போதே இரும்பின் பக்கம் மயிரிழை தள்ளிக் குத்தி, 3 மி.மீ. ட்ரில்லில் தொடங்கி, அடிக்கொரு தரம் வெளியே இழுத்துப் பார்த்துப் பார்த்துப் பெரிதாக்க வேண்டும். இரு நிறச் சுருள்கள், ஒரு பக்கம் வெண்மையாகவும் மறுபக்கம் கருஞ்சாம்பலாகவும், சேர்ந்து வெளிவந்தால் துளை நேராகப் போகிறதென்று அறியலாம். ஊசியின் தலையில் சிறு மரை வெட்டி வைத்தால், பின்னொருநாள் ஒரு போல்ட்டை முறுக்கி அதை வெளியே இழுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க ரசாயனப் பேராசிரியர் வெர்னன் க்ரீபிள் 1953-இல் கண்டுபிடித்த, காற்றுப் புகாத இடுக்கில் மட்டும் இறுகும் பசை இன்று இந்த வேலைக்குப் பலரும் உபயோகிப்பது. அதன் பலத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், முடிவற்ற வி-பெல்ட் அறுந்தால் ஷாப்டையே உருவி எடுத்தாக வேண்டிய அமைப்பில், கடுஞ்சூடு காட்டினாலன்றி விடாத பிடிப்பை நான் விரும்புவதில்லை.

இறுதியில் இரு புல்லிகளின் முகத்திலும் ஒரே நூலை இழுத்துப் பிடித்து அவை நேர்கோட்டில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, ஷாப்டின் முனையிலிருந்து குடத்தின் முகம் வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டேன். ஒரு வாரம் கனமான வெட்டுக்களுக்குப் பிறகு விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, அது ஒரே கோடாக இருந்தது.