இறக்கத்தில் கைகொடுக்கும் வேக்குவம்
கவனிக்க வேண்டியது ஒரு ரப்பர் குழாயை!

போடி, கம்பம், உத்தமபாளையம் வட்டாரங்களிலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு விடியும் முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. மாலையில் அதே ஜீப்புகள் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்குகின்றன. போடிமெட்டுப் பாதையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாலக்காட்டு நெல்லியாம்பதி, அட்டப்பாடி பாதைகளும் வளைவுக்குக் குறைந்தவை அல்ல. ஏற்றத்தில் என்ஜின் மக்கர் செய்தால் நேரம்தான் போகும். இறக்கத்தில் பிரேக் மக்கர் செய்தால்?

ஜீப்பு, கார்களில் டிரைவரின் காலுக்குத் துணை நிற்பது பிரேக் பூஸ்டர். அதற்குப் பலம் தருவது வேக்குவம், அதாவது காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடம். பெட்ரோல் என்ஜினில் இது இன்டேக் மானிபோல்டிலிருந்தே கிடைக்கிறது. டீசல் வண்டியில் இதற்கென்று தனி பம்ப் உண்டு. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே சுழலும். இரண்டிலும் பூஸ்டருக்குப் போவது ஒரு ரப்பர் குழாய். சூட்டில் அது இறுகி வெடிக்கும், கிளிப் தளரும்.

அறிகுறிகள்

பெட்ரோல் வண்டியில் ஓட்டை விழுந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே நுழையும். பெட்ரோல் பங்கு குறையும். ஐட்லிங் தடுமாறும், அல்லது தானே ஏறி நிற்கும். பிக்-அப் குறையும். 'உஸ்' என்ற சத்தமும் கேட்கலாம். "ஏர் எடுக்குது" என்பார் மெக்கானிக். டீசல் வண்டியிலோ என்ஜின் ஒழுங்காகவே ஓடும். பிரேக் பெடல் மட்டும் கல்லாக இறுகும். ஆகவே டீசல் ஜீப்பில் கூடுதல் கவனம் வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். குழாய்களை வளைத்துப் பார்த்தால் மறைந்த வெடிப்பு வாய் திறக்கும். அடுத்து காது. ஒரு துண்டு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறு முனையை இணைப்புகளின் அருகே நகர்த்தினால் ஓட்டை உள்ள இடத்தில் சத்தம் கூடும். ஓடும் என்ஜினில் விசிறி, பெல்ட் அருகே கையும் துணியும் போகக்கூடாது. கார்ப்புரேட்டர் அடி, மானிபோல்டு கேஸ்கெட் ஆகிய இடங்களில் சோப்புத் தண்ணீரைச் சிறிது தெளித்துப் பார்க்கலாம். ஓட்டை வழியே அது உள்ளே இழுக்கப்படும், ஐட்லிங் மாறும். சிலர் பெட்ரோலைத் தெளிப்பதுண்டு. சூடான என்ஜினில் அது தீயை அழைப்பதாகும்.

வேக்குவம் கேஜ் வைப்போர் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சமவெளியில் நல்ல பெட்ரோல் என்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 22 அங்குலம் காட்டும். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 1 அங்குலம் குறையும். 5,000 அடி உயர மூணாறில் 15 அங்குலம் காட்டினால் உடனே ஓட்டை என்று முடிவு கட்டலாகாது.

அரை நிமிடச் சோதனை

கருவியே இல்லாத சோதனையும் உண்டு. என்ஜினை நிறுத்திவிட்டுப் பிரேக்கை நாலைந்து முறை மிதிக்க வேண்டும். பெடல் இறுகியதும், காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் சற்றே கீழிறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாமல் நின்றால் வண்டி ஒர்க்ஷாப்புக்குப் போக வேண்டியதுதான், மலைக்கு அல்ல.

எண்ணெய் மிச்சம் என்று இறக்கத்தில் என்ஜினை அணைத்து, நியூட்ரலில் உருளவிடும் பழக்கம் ஆபத்தானது. என்ஜின் நின்றால் வேக்குவமும் நின்றுவிடும். பூஸ்டரில் மிஞ்சியிருப்பது ஓரிரு மிதிக்கே போதும். பிறகு முழுப் பலத்தோடு மிதித்தாக வேண்டும். கியரும் இல்லாத நிலையில் பாரம் ஏற்றிய ஜீப்பை அடுத்த வளைவில் நிறுத்துவது கடினம். ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய டிரைவர்களின் சொல் இன்றும் பொருந்தும்.

புதிய குழாய்க்கு ஆகும் செலவு பெரிதல்ல. ஜீப்பின் பின்னால் நெருங்கி உட்கார்ந்திருக்கும் கூலிக்காரர்கள் அந்தக் குழாயைப் பார்க்கப் போவதில்லை. பார்க்க வேண்டியவர்கள் டிரைவரும் வண்டி உரிமையாளரும்தான்.