எத்தனை கூடு, எத்தனை குஞ்சு?

கடலைக்கு உழவு ஓட்டும்போது ஆட்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றினால், வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்ப்பேன். மண்கட்டிகளுக்கு நடுவே மண் நிறத்திலேயே நாலு முட்டை கிடக்கும். சுற்றிலும் ஒரு பாய் அகலம் விட்டுவிட்டு உழுவது எங்கப்பா காலத்துப் பழக்கம். கூட்டை விட்டுவிட்டோம், பறவை பிழைத்துக்கொள்ளும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். ஆட்காட்டிக்குப் பங்காளி முறையான ஒரு பறவையைப் பற்றிப் படித்தபிறகு அந்த நிம்மதி போய்விட்டது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளாட் என்று ஒரு ஆறு. கரையெல்லாம் மக்காச்சோளக் காடு. ஆற்றின் மணல் திட்டுகளில் 'பைப்பிங் பிளவர்' என்ற சின்ன உப்புக்கொத்தி முட்டையிடும். கூடென்று எதுவும் கட்டாது. மணலில் ஒரு குழி, அவ்வளவுதான். ஆணும் பெண்ணும் மாறி மாறி நான்கு வாரம் அடைகாக்கும். நரி வந்தால் சிறகு ஒடிந்த மாதிரி நடித்து வேறு பக்கம் இழுத்துப் போகும். குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே ஓடிப்போய்த் தாமே பூச்சி பொறுக்கும்.

இதற்கு வேண்டியது செடி கொடி இல்லாத வெறும் மணல். செடி இருந்தால் பகை ஒளிந்து வரும். அந்த வெறும் மணலைச் செய்து கொடுத்தது வெள்ளம்தான். மலையில் பனி உருகி வரும் தண்ணீர் பழைய திட்டை அரித்து, முளைத்ததைப் பிடுங்கி, புது மணலைக் கொட்டிவிட்டுப் போகும். அணைகள் வந்தன, பாசனத்துக்குத் தண்ணீர் பிரிந்தது, வெள்ளம் அடங்கியது. திட்டுகளில் மரமே வளர்ந்துவிட்டது. 1985-இல் இந்தப் பறவையை ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தார்கள்.

பட்டியலில் சேர்த்தால், எந்த நிலைக்கு வந்தால் மீண்டுவிட்டது என்று சொல்லலாம் என இலக்கும் எழுத வேண்டும். சிக்கலே இங்கேதான் இருக்குங்க.

தலையை எண்ணுவதுதான் சுலபமான வழி. அதே திட்டுகளில் முட்டையிடும் சின்ன ஆலா ஒன்று உண்டு. அதற்கு 1990-இல் 7,000 பறவை என்று இலக்கு வைத்தார்கள். 2021-இல் பட்டியலிலிருந்து எடுத்தபோது சுமார் 18,000 இருந்தது. சந்தோஷம்தான். ஆனால் அதில் பெரும்பங்கு மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில் பெருகியது. மற்ற ஆறுகளில் அந்த அளவு பெருகவில்லை. மாவட்டத்தின் சராசரி மழையைக் காட்டி உன் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்கிற கணக்கு இது.

ஒரு வருஷத்துக் கணக்கையும் நம்ப முடியாது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் உப்புக்கொத்தி புல்வெளிப் பக்கத்து உவர் ஏரிக்கரைக்குப் போய்விடும். 2011 கோடையில் மிசௌரி ஆற்றில் பெருவெள்ளம், திட்டுகளே மூழ்கின. அந்த ஆண்டை மட்டும் பார்த்தால் முழு நஷ்டம். ஆனால் அதே வெள்ளம் விட்டுப்போன புது மணலில் அடுத்தடுத்த ஆண்டுகளில் பறவை கூடியது. அதனால் இலக்கு பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதாக இருக்க வேண்டும். கூட்டின் எண்ணிக்கையை விட, ஜோடிக்கு எத்தனை குஞ்சு சிறகு முளைத்துப் பறந்தது என்பதுதான் முக்கியம். ஆய்வாளர்கள் கணக்குப்படி சராசரியாக ஒன்றுக்குச் சற்று மேலே இருந்தால்தான் இனம் குறையாமல் நிற்கும். கூட்டைச் சுற்றிக் கம்பிவலை போட்டு முட்டையைக் காப்பாற்றலாம். பொரித்த குஞ்சு வலைக்குள்ளா உட்கார்ந்திருக்கும்?

பிளாட் ஆற்றில் 2007-இல் தொடங்கிய திட்டம் எனக்குப் பிடித்துப்போனது, அதில் இலக்கை நிலமாகவும் நீராகவும் எழுதியதால். கொலராடோ, வயோமிங், நெப்ராஸ்கா மூன்று மாநிலங்களும் மத்திய அரசும் சேர்ந்து, 10,000 ஏக்கர் வாழிடம், ஆண்டுக்கு 1,30,000 முதல் 1,50,000 ஏக்கர்-அடி தண்ணீர் என்று எழுதினார்கள். ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரம் நின்றால் அது ஒரு ஏக்கர்-அடி. 1997-க்குப் பிறகு புதிதாக ஆற்றுநீரைக் குறைத்திருந்தால் அதற்கு மாநிலம் ஈடு கட்ட வேண்டும். தண்ணீர் எடுக்கும் விவசாயிகளின் பிரதிநிதிகளும் பேச்சில் உட்கார்ந்தார்கள்.

அப்படியும் ஆறு முழுசாகத் திரும்பவில்லை. பிளாட்டின் நடுப்பகுதியில் இந்தப் பறவைகள் பெரும்பாலும் கரையோர மணல் குவாரிகளில்தான் முட்டையிடுகின்றன. அங்கே களை எடுத்து, வேலி போட்டுக் காக்கிறார்கள். குஞ்சும் பறக்கிறது. இதை மீட்சி என்று எழுதலாமா? நான் எழுத மாட்டேன். மூட்டை உரம் போட்டு நிற்கும் பயிரைப் பார்த்து மண் தேறிவிட்டது என்று நாம் சொல்வோமா? ஆனால் குவாரியை இன்றைக்கே கைவிடச் சொல்லவும் மனசு வரவில்லை. ஆறு தேறும்வரை பறவை எங்கே போகும்?

போன பட்டத்தில் என் கொல்லையில் மூன்று கூடு ஒதுக்கினேன். எத்தனை குஞ்சு பறந்தது என்று என் மகள் கேட்டாள். பார்க்கவில்லை. இந்தத் தடவை நோட்டில் அதற்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.